முகம் காணாத இரண்டு ஆண்டுகள்

(வானொலியில் ஒலிபரப்பான மறையுரையின் எழுத்து வடிவம்)



இன்று சற்று மனத்தை வருத்தும் ஒரு பொருளைப் பற்றி உங்களோடு சேர்ந்து சிந்திக்க விரும்புகிறோம். கணவனும் மனைவியும் பிரிந்துவிட்ட பிறகு, தந்தைக்கும் பிள்ளைக்கும் இடையே இருக்க வேண்டிய உறவு என்ன ஆகிறது? திருமணத்தைப் பற்றி நம் ஆலயங்களில் நிறையப் பேசுகிறோம். கடவுள் இணைத்ததை மனிதர் பிரிக்கக் கூடாது என்று போதிக்கிறோம். அது சரியான போதனை. ஆனால் பிரிவு நடந்துவிட்ட வீடுகளும் நம் பங்கில் இருக்கின்றன. அந்த வீட்டுப் பிள்ளைகள் நம் மறைக்கல்வி வகுப்பில் உட்கார்ந்திருக்கிறார்கள். அவர்களுடைய அப்பா எங்கே இருக்கிறார், கடைசியாக எப்போது பார்த்தார்கள் என்று நாம் கேட்பதில்லை. கேட்டால் சங்கடம் என்று விட்டுவிடுகிறோம்.

சாமுவேல் இரண்டாம் நூலில் ஒரு தந்தை, மகன் வரலாறு இருக்கிறது. தந்தை, தாவீது அரசர். மகன், அப்சலோம். மகன் பெரிய குற்றம் செய்துவிட்டான். தன் சகோதரன் அம்னோனைக் கொன்றுவிட்டான். கொன்றவுடன் ஓடினான். எங்கே ஓடினான் தெரியுமா? கெசூர் அரசன் தல்மாயிடம் ஓடினான். அந்தத் தல்மாய் யார்? அப்சலோமின் தாய் மாக்காவுடைய தந்தை. அதாவது, தாய்வழித் தாத்தா வீட்டுக்குப் போய்விட்டான். அங்கே மூன்று ஆண்டுகள் இருந்தான்.

பிறகு யோவாபு நடுவில் நின்று பேசி, பையனை எருசலேமுக்குத் திரும்ப அழைத்துவந்தார். ஆனால் அரசர் ஒரு நிபந்தனை போட்டார். அவன் தன் வீட்டுக்குப் போகட்டும், என் முகத்தில் விழிக்கக் கூடாது என்றார். 14ஆம் அதிகாரம் சொல்கிறது: அப்சலோம் இரண்டு முழு ஆண்டுகள் எருசலேமில் குடியிருந்தான்; அரசரின் முகத்தைக் காணவே இல்லை.

ஒரே ஊர். தந்தையின் அரண்மனையும் அங்கேதான், மகனின் வீடும் அங்கேதான். நடந்துபோனால் போய்ச் சேர்ந்துவிடலாம். இரண்டு ஆண்டுகள் யாரும் நடக்கவில்லை.

பிரியமானவர்களே, ராஜபாளையத்திற்கும் ஸ்ரீவில்லிபுத்தூருக்கும் இடையே ஏறக்குறைய பன்னிரண்டு கிலோமீட்டர். பஸ்ஸில் ஏறினால் அரை மணி நேரப் பயணம். விடிந்ததிலிருந்து இரவு வரை பஸ் ஓடிக்கொண்டே இருக்கிறது. இந்த ஊரில் மில்லில் ஷிப்ட் பார்க்கும் அப்பா, அந்த ஊரில் அம்மாவோடும் தாத்தா பாட்டியோடும் வளரும் பிள்ளை என்று வாழும் குடும்பங்களை நாம் அறிவோம். பாவசங்கீர்த்தனத்தில் கேட்டதைச் சொல்லவில்லை. தெருவில், பங்கு இல்லத்துத் திண்ணையில், கல்லறைத் தோட்டத்தில் எல்லோரும் பார்ப்பதைச் சொல்கிறோம். பால்கோவா வாங்க ஸ்ரீவில்லிபுத்தூர் போகிறார்கள். ஆடிப்பூரத் தேரின் கூட்டத்தைப் பார்க்கப் போகிறார்கள். வாய்தா என்றால் காலையிலேயே கிளம்பிக் கோர்ட்டுக்குப் போகிறார்கள். ஏனென்றால் நம் விருதுநகர் மாவட்டத்தின் தலைமை நீதிமன்றம் ஸ்ரீவில்லிபுத்தூரில்தான் இருக்கிறது. வழக்குக்காக மாதம் ஒருமுறை போகிற அந்த அப்பா, அந்த வளாகத்திலிருந்து பத்து நிமிட நடையில் இருக்கும் பள்ளிக்கூட வாசலுக்குப் போவதில்லை. அங்கேதான் அவருடைய மகள் ஐந்தாம் வகுப்புப் படிக்கிறாள்.

ஏன் போவதில்லை? அன்பு இல்லாமலா? பெரும்பாலும் அப்படி இல்லை.

சிலருக்கு வெட்கம். மாதாமாதம் கொடுக்க வேண்டிய ஜீவனாம்சம் பாக்கி நிற்கிறது. பணம் கட்டாதவன் எந்த முகத்தோடு பிள்ளையைப் பார்க்கப் போவது என்று நினைக்கிறார். அடுத்த மாதம் பணத்தோடு போவோம் என்று தள்ளிப்போடுகிறார். பாக்கி ஏறுகிறது. அதோடு வெட்கமும் ஏறுகிறது.

சிலருக்குக் கோபம். மனைவியின் மீதுள்ள கோபம், மாமனார் வீட்டார் மீதுள்ள கோபம். அந்த வாசற்படியை மிதிக்க மாட்டேன் என்று சபதம் செய்துவிட்டார். அந்தச் சபதத்துக்கு உள்ளே பிள்ளையும் மாட்டிக்கொண்டது.

சிலருக்குப் பயம். பிள்ளை என்னைப் பார்த்ததும் முகத்தைத் திருப்பிக்கொண்டால் என்ன செய்வது? ஒருமுறை அப்படி நடந்திருக்கும். அதற்குப் பிறகு அவர் போகவில்லை.

இன்னும் சிலர், பிள்ளை தாயிடம் நன்றாகத்தானே இருக்கிறது, நான் போய்க் குழப்பம் செய்ய வேண்டாம் என்று சமாதானம் சொல்லிக்கொள்கிறார்கள். வெளியூரில், திருப்பூரிலோ கேரளாவிலோ வளைகுடா நாட்டிலோ வேலை பார்க்கிறவர்கள் தூரத்தைக் காரணம் சொல்கிறார்கள்.

இந்தக் காரணங்கள் எல்லாம் உண்மைதான். ஆனால் இவை பெரியவர்களுக்குப் புரியும் காரணங்கள். எட்டு வயதுப் பிள்ளைக்கு இவற்றில் ஒன்றும் புரியாது. அதற்குத் தெரிவது ஒன்றுதான்: அப்பா வரவில்லை. ஏன் வரவில்லை என்று அது தனக்குள்ளே தேடும். கடைசியில், நான் ஏதோ தப்பு செய்துவிட்டேன், அதனால்தான் வரவில்லை என்ற இடத்தில் போய் நிற்கும்.

மறுபடியும் அப்சலோமைப் பார்ப்போம். அவன் யோவாபுக்கு ஆள் அனுப்பினான். அரசரிடம் தனக்காகப் பேச வேண்டும் என்று. யோவாபு வரவில்லை. இரண்டாம் முறை அனுப்பினான். அப்போதும் வரவில்லை. பிறகு என்ன செய்தான்? தன் வேலைக்காரரை அனுப்பி, யோவாபின் வாற்கோதுமை வயலுக்குத் தீ வைத்தான். உடனே யோவாபு ஓடிவந்தார்.

பள்ளியில் திடீரென்று மதிப்பெண் குறையும் பிள்ளை, பிற பிள்ளைகளை அடிக்கும் பிள்ளை, பேசவே பேசாமல் போனுக்குள் மூழ்கிக் கிடக்கும் பிள்ளை: இவர்களைப் பற்றி ஆசிரியர்கள் நம்மிடம் குறை சொல்வதுண்டு. ஒவ்வொரு பிள்ளைக்கும் காரணம் வேறாக இருக்கலாம். ஆனால் சில வயல்களில் எரிகிற தீ, இரண்டு முறை ஆள் அனுப்பியும் யாரும் வராததால் வைத்த தீ. அந்தத் தீயைப் பார்த்துப் பிள்ளையைத் திட்டுமுன், அது யாருக்கு ஆள் அனுப்பியது என்று கேட்பது நல்லது.

தாவீது கடைசியில் மகனை அழைத்தார், முத்தமிட்டார். ஆனால் காலம் கடந்துவிட்டிருந்தது. மகனின் உள்ளத்தில் கசப்பு ஊறிவிட்டது. அவன் தந்தைக்கு எதிராகப் படை திரட்டினான். எப்ராயிம் காட்டில் கொல்லப்பட்டான். செய்தி கேட்ட தாவீது வாயிலின் மேல்மாடி அறைக்குப் போய், மகனின் பெயரைச் சொல்லிச் சொல்லி அழுதார். உனக்குப் பதில் நான் செத்திருக்கக் கூடாதா என்று அழுதார். விவிலியத்தில் ஒரு தந்தையின் அழுகையாக அதைவிட உருக்கமானது வேறு இல்லை. அந்த அன்பு புதிதாக வந்ததல்ல. முன்பே இருந்தது. எருசலேமில் அந்த இரண்டு ஆண்டுகளும் இருந்தது. ஆனால் மகனுக்குத் தெரியவில்லை. தந்தை தன் அன்பை மகன் காணும்படி வைக்கவில்லை.

அன்பார்ந்தவர்களே, திருச்சபை இதைப் பற்றி என்ன சொல்கிறது என்று பார்ப்போம்.

சில வீடுகளில், பிரிந்துவிட்டோம், இனி எனக்கும் அந்தக் குடும்பத்துக்கும் சம்பந்தமில்லை என்று சொல்வதைக் கேட்கிறோம். 1983ஆம் ஆண்டின் திருச்சபைச் சட்டத் தொகுப்பு அப்படிச் சொல்லவில்லை. கடும் காரணங்களுக்காகத் தம்பதியர் பிரிந்து வாழ நேரலாம் என்பதைத் திருச்சபை அறிந்திருக்கிறது. உடலுக்கோ உள்ளத்துக்கோ ஆபத்து உண்டாக்கும் துணையிடமிருந்து விலகி வாழ ஒருவருக்கு உரிமை உண்டு என்று சட்டமே சொல்கிறது. ஆனால் உடனே, 1154ஆம் சட்டத்தில், பிரிவு எதுவானாலும் பிள்ளைகளின் பராமரிப்புக்கும் கல்விக்கும் போதிய ஏற்பாடு எப்போதும் செய்யப்பட வேண்டும் என்று கட்டளையிடுகிறது. எப்போதும் என்பதில் விதிவிலக்கு இல்லை. 1136ஆம் சட்டம், பிள்ளைகளின் உடல், சமூக, பண்பாட்டு, நன்னெறி, சமயக் கல்வியைக் கவனிப்பது பெற்றோரின் மிகக் கடுமையான கடமை, முதன்மையான உரிமை என்கிறது. பெற்றோர் என்றால் இருவரும்தான்.

மறைமாவட்டத் தீர்ப்பாயம் ஒரு திருமணம் தொடக்கத்திலேயே செல்லாதது என்று தீர்ப்பளித்தாலும், பிள்ளைகளின் நிலை மாறுவதில்லை. அவர்கள் முறையற்ற பிள்ளைகள் ஆகிவிடுவார்களோ என்று அஞ்சுகிற தாய்மார்கள் உண்டு. அஞ்ச வேண்டாம். குறைந்தது ஒருவராவது நல்லெண்ணத்தோடு ஆலயத்தில் செய்துகொண்ட திருமணத்தில் பிறந்த பிள்ளைகள் முறையான பிள்ளைகளே என்று 1137ஆம் சட்டம் காக்கிறது. அதுமட்டுமல்ல, அந்தத் தீர்ப்பிலேயே, பிள்ளைகளை வளர்ப்பதில் உங்களுக்குள்ள நெறிசார்ந்த கடமையும் நாட்டுச் சட்டம் விதிக்கும் கடமையும் தொடர்கின்றன என்று இருவருக்கும் நினைவூட்ட வேண்டும் என்பது விதி. திருமண வழக்கு விசாரணை முறையைத் திருத்தந்தை பிரான்சிஸ் 2015இல் திருத்தி எளிமையாக்கியபோதும் அந்த விதியை அப்படியே காத்தார்.

நம் பங்கு அலுவலகத்தில் திருமுழுக்குப் பதிவேடு இருக்கிறது. ஒவ்வொரு பிள்ளையின் பெயருக்கு நேரே தந்தை பெயர், தாய் பெயர் எழுதியிருக்கிறோம். கணவன் மனைவி பிரிந்த பிறகு, அந்த ஏட்டில் தந்தையின் பெயரை அடித்துவிடச் சொல்லி எத்தனை கோபத்தோடு கேட்டாலும், எந்தப் பங்குக் குருவும் அடிக்க மாட்டார். அடிக்க அதிகாரமும் இல்லை. அந்தப் பிள்ளை வளர்ந்து, தன் திருமணத்துக்காகச் சான்றிதழ் கேட்டு வரும்போதும் அந்தப் பெயர் அங்கே இருக்கும். ஏட்டில் பெயர் நிற்கிறது. ஏட்டில் நிற்கிற அந்த ஆள் பிள்ளையின் பக்கத்திலும் நிற்கிறாரா என்பதுதான் கேள்வி.

நாட்டுச் சட்டமும் இந்த வழியில்தான் நடக்கிறது. கிறிஸ்தவர்களின் மணமுறிவுக்கு இன்றும் 1869ஆம் ஆண்டின் சட்டமே அடிப்படை. 2001இல் அது திருத்தப்பட்டது. பிள்ளைகள் யாரிடம் வளர்வது, அவர்கள் செலவும் படிப்பும் எப்படி என்று நீதிமன்றம் ஆணையிட அந்தச் சட்டத்திலேயே இடம் இருக்கிறது. 1973இல் சென்னையிலிருந்து ஒரு கிறிஸ்தவத் தம்பதியரின் வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போயிற்று. மூன்று பிள்ளைகள் யாரிடம் இருப்பது என்ற வழக்கு. பிள்ளைகள் பெற்றோரின் உடைமைப் பொருளும் அல்ல, விளையாட்டுப் பொம்மையும் அல்ல என்று நீதிபதிகள் எடுத்துரைத்தார்கள். தந்தையின் உரிமை, தாயின் உரிமை என்பதற்கெல்லாம் மேலே பிள்ளையின் நலன் என்று வைத்தார்கள். இன்றுவரை கீழ் நீதிமன்றங்கள் அந்தத் தீர்ப்பை எடுத்துக்காட்டிக்கொண்டிருக்கின்றன.

2015இல் இந்தியச் சட்ட ஆணையம் தன் 257ஆவது அறிக்கையில், பிரிந்த பெற்றோர் இருவரும் பிள்ளையின் பொறுப்பைச் சேர்ந்து ஏற்கும் முறைக்குச் சட்டத்தில் இடம் தர வேண்டும் என்று பரிந்துரைத்தது. 2020இல் உச்ச நீதிமன்றம் இன்னொரு வழக்கில், தாய் தந்தை இருவரின் அன்பும் பிள்ளையின் உரிமை என்று கூறியது. பிள்ளை ஒருவரிடம் வளர்ந்தால், மற்றவர் சந்திக்க வழி செய்ய வேண்டும். நேரில் சந்திக்க முடியாத தூரமானால், சிறப்பான தடை எதுவும் இல்லாதபோது, நாள்தோறும் ஐந்து பத்து நிமிடமாவது போனிலோ வீடியோ காலிலோ பேசவிட வேண்டும் என்றும் சொன்னது. கவனியுங்கள்: இதைத் தந்தையின் உரிமை என்று மட்டும் நீதிமன்றம் பார்க்கவில்லை. பிள்ளையின் உரிமை என்று பார்த்தது. ஆகவே பார்க்கப் போகாத தந்தை தன் உரிமையை விட்டுக்கொடுக்கவில்லை. பிள்ளையின் உரிமையைப் பறிக்கிறார். காரணமின்றிப் பார்க்கவிடாத தாயும் கணவனைத் தண்டிக்கவில்லை. தன் பிள்ளையைத் தண்டிக்கிறார்.

அப்படியானால் என்ன செய்வது? முதலில் தந்தையரிடம் பேசுகிறோம்.

அன்புச் சகோதரர்களே, சிறியதாகத் தொடங்குங்கள், ஆனால் தவறாமல் செய்யுங்கள். வருடத்துக்கு ஒருமுறை கிறிஸ்துமஸுக்குப் பெரிய சைக்கிளோடு போய் இறங்குவதைவிட, ஞாயிறுதோறும் வெறும் கையோடு போய் ஒரு மணி நேரம் உட்கார்ந்திருப்பது மேல். பிள்ளை முதல் மாதம் பேசாது. இரண்டாம் மாதம் உங்கள் செருப்பு வாசலில் கிடக்கிறதா என்று பார்க்கும். வருகிறேன் என்று சொல்லிவிட்டு வராமல் இருப்பதைப் போலப் பிள்ளையை உடைப்பது வேறில்லை. உங்களுக்கு அந்த வாரம் ராத்திரி ஷிப்ட் என்றால் முன்னாலேயே சொல்லுங்கள். சொன்ன நாளில் போய் நில்லுங்கள்.

பணத்தைப் பற்றி ஒரு வார்த்தை. ஜீவனாம்சம் மனைவிக்குக் கொடுக்கிற அபராதம் அல்ல. அது பிள்ளையின் சோறு, நோட்டுப் புத்தகம், காய்ச்சல் மருந்து. முழுத் தொகை இல்லையென்றால் இருப்பதைக் கொடுங்கள். கையில் கொடுக்காமல் வங்கி வழியாகவோ நீதிமன்றம் சொன்ன வழியிலோ கொடுங்கள். வேலை போய்விட்டால் அதை மறைக்காமல் நீதிமன்றத்தில் சொல்லித் தொகையை மாற்றக் கேளுங்கள். பணம் பாக்கி இருக்கிறது என்பதற்காகப் பிள்ளையைப் பார்ப்பதை நிறுத்தாதீர்கள். பார்க்கவிடவில்லை என்பதற்காகப் பணத்தையும் நிறுத்தாதீர்கள். இரண்டும் தனித்தனிக் கடமைகள்.

பிள்ளையின் முன்னால் தாயைப் பற்றிக் குறைவாகப் பேசாதீர்கள். பிள்ளையிடம், வீட்டுக்கு யார் வந்தார்கள், அம்மா யாரோடு போனில் பேசினாள் என்று துப்பு விசாரிக்காதீர்கள். பிள்ளை உங்கள் மகன், மகள். உங்கள் சாட்சி அல்ல. தந்தையரே, பிள்ளைகளுக்கு எரிச்சல் மூட்டாதீர்கள், அவர்கள் மனந்தளர்ந்து போவார்கள் என்ற கருத்தில் புனித பவுல் கொலோசையருக்கு எழுதிய புத்திமதி இதற்கும் பொருந்தும்.

குடித்துவிட்டுப் போகாதீர்கள். இதை வெளிப்படையாகச் சொல்லியாக வேண்டும். குடியினாலும் அடியினாலும் உடைந்த வீடுகள் நம்மிடையே உண்டு. அப்படிப்பட்ட வீட்டில், பிள்ளையைப் பார்க்க வேண்டும் என்று தந்தை கேட்டதும் கதவைத் திறந்துவிடு என்று அந்தத் தாயிடம் நாம் சொல்ல மாட்டோம். பிள்ளையின் பாதுகாப்பு முதலில். அடித்த கை முதலில் மருத்துவரிடமோ குடிநிறுத்த மையத்துக்கோ போகட்டும். மாதங்கள் ஆகட்டும். பிறகு நீதிமன்றம் குறிக்கும் இடத்தில், மற்றொருவர் உடனிருக்க, அரை மணி நேரம் சந்திக்கட்டும். மனமாற்றம் என்பது நாம் வாயால் அறிவிப்பதல்ல. மற்றவர்கள் பார்த்து நம்புவது. அதற்குக் காலம் பிடிக்கும். பொறுமையாக அந்தக் காலத்தைக் கொடுப்பதும் தந்தையின் அன்புதான்.

அடுத்து, தாய்மார்களே. பிள்ளையின் காய்ச்சலையும் கட்டணத்தையும் பள்ளிக் கூட்டத்தையும் தனியே சுமப்பது பெரும்பாலும் நீங்கள்தான். அந்தச் சுமையைத் திருச்சபை அறியும். உங்கள் காயம் உண்மையானது. ஆனால் அச்சத்துக்குக் காரணம் இல்லாதபோது, பிள்ளையைக் கதவுக்குத் தாழ்ப்பாளாக வைக்காதீர்கள். 2015 மே மாதம் ஒரு புதன் மறைக்கல்வி உரையில் திருத்தந்தை பிரான்சிஸ் பிரிந்து வாழும் பெற்றோரிடம் இதைத்தான் மன்றாடினார். மறு ஆண்டு வெளியிட்ட ‘அன்பின் மகிழ்வு’ ஏட்டிலும் எழுதினார்: பிள்ளையைப் பணயமாகப் பிடித்துவைக்கக் கூடாது, பிரிவின் பாரத்தைப் பிள்ளையின் தோளில் ஏற்றக் கூடாது, அப்பாவைப் பற்றி அம்மாவும், அம்மாவைப் பற்றி அப்பாவும் நல்லதே பேசப் பிள்ளை கேட்க வேண்டும். இது கடினம் என்பதை அவரும் அறிந்தே சொன்னார். ஆனாலும் முடியும் என்றார்.

நல்லது பேச எதுவும் இல்லை என்று சில தாய்மார்கள் சொல்கிறார்கள். அப்படியானால் பழையதில் ஒன்றைத் தேடுங்கள். நீ பிறந்த அன்று உன் அப்பா மில்லிலிருந்து யூனிபார்ம் கூட மாற்றாமல் ஆஸ்பத்திரிக்கு ஓடிவந்தார் என்று சொல்லுங்கள். அது நடந்ததுதானே? அதைக் கேட்டு வளரும் பிள்ளை, தன் பாதியைத் தானே வெறுக்காமல் வளரும்.

தாத்தா பாட்டிகளே, மாமன்மாரே, சித்தப்பா பெரியப்பாமாரே. பிரிவில் எரிகிற அடுப்புக்கு விறகு போடுகிறவர்கள் பெரும்பாலும் நாம்தான். யோவாபு போல நடுவில் நின்று அழைத்துவரவும் நம்மால் முடியும். அழைத்துவந்ததோடு நிறுத்தாமல், இருவரையும் முகத்துக்கு முகம் நிறுத்தும் வரை விடாமல் இருக்கவும் வேண்டும். பாதியில் விட்டதுதான் யோவாபின் குறை.

கடைசியாக, பங்குச் சமூகமாகிய நமக்கு. பிள்ளையின் புதுநன்மை நாளில் அப்பா கோயிலுக்கு வெளியே, வேப்ப மரத்தடியில் நின்று, சன்னல் வழியாக எட்டிப் பார்த்துவிட்டுப் போகிற காட்சி நம் ஊர்களுக்குப் புதிதல்ல. அவரை உள்ளே அழைத்து ஒரு பெஞ்சில் உட்காரவைக்க ஒரு ஆள் வேண்டும். பீடத்தின் முன் போட்டோ எடுக்கும்போது, முதலில் அம்மாவோடு, பிறகு அப்பாவோடு என்று பிள்ளையைக் கூச்சமின்றி நிறுத்த ஒரு ஆள் வேண்டும். மறைக்கல்வி ஆசிரியர்களே, அப்பாவைப் பற்றிப் பத்து வரி எழுதுங்கள் என்று வகுப்பில் சொல்லும்முன் யார் யார் உட்கார்ந்திருக்கிறார்கள் என்று ஒருமுறை பாருங்கள். பிரிந்து வாழ்பவர் சந்திக்க நல்ல இடம் இல்லையென்றால், ஞாயிறு பூசைக்குப் பிறகு பங்கு வளாகம் திறந்தே இருக்கிறது. சட்ட உதவி தேவையென்றால் நீதிமன்ற வளாகத்தில் உள்ள மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவை அணுகலாம். பெண்களுக்கும் பிள்ளைகளுக்கும் வருமானம் எவ்வளவு என்று பாராமலே அங்கே இலவச உதவி உண்டு. வழக்கை நீட்டிக்காமல், சமரச மையத்தில் உட்கார்ந்து பேசி, எந்தக் கிழமை, எத்தனை மணி, எந்த இடம் என்று எழுதிக்கொண்டு வந்துவிட்டால், பிள்ளைக்குக் காலண்டரில் வட்டம் போட ஒரு நாள் கிடைக்கும்.

பிரியமானவர்களே, ஸ்ரீவில்லிபுத்தூர் ஒரு தந்தைக்கும் மகளுக்கும் உள்ள அன்பினால் தமிழ் உலகம் எங்கும் பெயர்பெற்ற ஊர். துளசிச் செடியின் அடியில் கண்டெடுத்த பெண் குழந்தையைப் பெரியாழ்வார் தம் மகளாக வளர்த்தார் என்பது நம் இந்துச் சகோதரர்கள் போற்றிவரும் மரபு. அவர் பெற்ற பிள்ளை அல்ல. எடுத்து வளர்த்த பிள்ளை. நமக்கும் அப்படி ஒரு வளர்ப்புத் தந்தை இருக்கிறார்: புனித யோசேப்பு. 2020 டிசம்பர் 8ஆம் நாள் தொடங்கி ஓராண்டை அவருக்கு ஒப்புக்கொடுத்தபோது திருத்தந்தை பிரான்சிஸ் எழுதிய மடலில் ஒரு கருத்து உண்டு. பிள்ளை பிறந்ததாலேயே ஒருவர் தந்தையாகிவிடுவதில்லை. அந்தப் பிள்ளையின் பொறுப்பை ஏற்கும்போதுதான் தந்தையாகிறார். அப்படியானால், பிரிந்து வாழும் சகோதரனுக்கும் இது நற்செய்திதான். நீ நல்ல கணவனாக இருக்கத் தவறியிருக்கலாம். உன் பிள்ளைக்குத் தந்தையாகும் வாய்ப்பு இன்னும் முடிந்துவிடவில்லை.

தொடக்க நூலில் இன்னொரு தந்தையும் மகனும் இருக்கிறார்கள். ஆபிரகாம், இஸ்மயேல். வீட்டுச் சண்டையில், அப்பமும் ஒரு தோற்பைத் தண்ணீரும் கொடுத்து, தாய் ஆகாரோடு மகனை அனுப்பிவிட்டார் ஆபிரகாம். அது அவருக்கு மிகுந்த வேதனையாய் இருந்தது என்று விவிலியம் மறைக்காமல் சொல்கிறது. பாலைநிலத்தில் தண்ணீர் தீர்ந்து, புதரடியில் கிடந்த அந்தப் பையனின் குரலைக் கடவுள் கேட்டார். இஸ்மயேல் என்ற பெயருக்கே கடவுள் கேட்கிறார் என்றுதான் பொருள். தந்தைக்குக் கேட்காத தொலைவில் அழுத பிள்ளையின் குரல், விண்ணகத் தந்தைக்குக் கேட்டது. பிறகு பல அதிகாரங்கள் கடந்து, 25ஆம் அதிகாரத்தில் ஆபிரகாம் இறக்கிறார். மக்பேலா குகையில் அவரை அடக்கம் செய்தவர்கள் யார்? ஈசாக்கும் இஸ்மயேலும் என்று இரண்டு பெயரையும் எழுதியிருக்கிறது. அனுப்பப்பட்ட மகன் தந்தையை மண்ணில் வைக்க வந்தான்.

அது ஆறுதலான முடிவுதான். ஆனாலும், பிள்ளை நம் அடக்கத்துக்கு வந்தால் போதும் என்று எந்தத் தந்தையாவது நினைப்பாரா? நம் கல்லறைத் தோட்டங்களில் இந்தக் காட்சியை நாம் பார்த்திருக்கிறோம். பதினைந்து ஆண்டுகளாகப் பார்க்காத அப்பாவின் பெட்டியருகே, யாரிடம் என்ன பேசுவது என்று தெரியாமல் நிற்கிற இளைஞன். எல்லாரும் அவனைப் பார்த்து, அப்படியே அப்பா முகம் என்கிறார்கள். அந்த முகத்தைத்தான் அவன் அறியான்.

அந்த நாளுக்குக் காத்திருக்க வேண்டாம். திருமுழுக்கு யோவானைப் பற்றி வானதூதர் செக்கரியாவிடம் கூறியதை லூக்கா தம் நற்செய்தியின் முதல் அதிகாரத்தில் எழுதியிருக்கிறார். ஆண்டவருக்கு வழி ஆயத்தம் செய்ய வருபவரின் முதல் வேலைகளில் ஒன்று, தந்தையரின் உள்ளத்தைப் பிள்ளைகள் பக்கம் திருப்புவது. உள்ளம் திரும்பிய பிறகு கால் தானே நடக்கும். இந்த ஞாயிறு அந்தப் பன்னிரண்டு கிலோமீட்டரைக் கடந்து போங்கள். தூரத்தில் இருப்பவர்கள் இன்று இரவு பிள்ளை தூங்குமுன் போன் செய்யுங்கள். என்ன பேசுவது என்று தெரியாவிட்டால், சாப்பிட்டாயா என்று கேளுங்கள். அதில் எல்லாம் அடங்கிவிடும்.

இறைவா, எங்கள் தந்தையே, பிரிந்த வீடுகளின் பிள்ளைகளை உம் கையில் ஒப்படைக்கிறோம். வெட்கத்தாலும் கோபத்தாலும் அச்சத்தாலும் விலகி நிற்கும் தந்தையருக்குத் துணிவைத் தாரும். தனியே சுமக்கும் தாய்மாருக்கு இளைப்பாற்றியைத் தாரும். புனித யோசேப்பே, குழந்தை இயேசுவின் காவலரே, எங்கள் பிள்ளைகளுக்காக வேண்டிக்கொள்ளும். ஆமென்.